உஷார்! பேரவை மூடியிருக்கும் ஐந்து மாதம்

நத்தம் தொகுதி வாக்காளர்களே, "சட்டப்பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு" என்று பேப்பரில் ஒற்றைப் பத்திச் செய்தி வந்தால் அலட்சியமாகப் புரட்டிவிடாதீர்கள். அன்றைக்கு மூடுகிற கதவு மறுபடி திறக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் கரண்ட் பில் ஏறலாம், மாங்காய் விலை விழலாம், அவசரச் சட்டம் ஒன்று வரலாம். அமைச்சரை எதிரில் உட்கார வைத்து "ஏன்?" என்று கேட்க உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு அவையே இருக்காது.

சும்மா பயமுறுத்துவதாக நினைத்தால் இந்தத் தேதிகளைப் பாருங்கள். முதலில் வருவது பேரவையை ஒத்திவைத்து உறுப்பினர்கள் வீட்டுக்குப் போன நாள், அடுத்தது திரும்பக் கூடிய நாள்.

2020: மார்ச் 24, செப்டம்பர் 14
2022: மே 10, அக்டோபர் 17
2023: ஏப்ரல் 21, அக்டோபர் 9
2024: ஜூன் 29, டிசம்பர் 9
2025: ஏப்ரல் 29, அக்டோபர் 14

ஐந்து ஆண்டிலும் இடைவெளி ஐந்து மாதத்தைத் தாண்டியிருக்கிறது. ஒன்றிலாவது ஆறு மாதத்தைத் தொட்டிருக்கிறதா? இல்லை. 2020-க்குக் கொரோனா காரணம். செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்தில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டு மூன்று நாள் நடத்தினார்கள். மற்ற ஆண்டுகளுக்கு அந்தக் காரணமும் கிடையாது. முதல் வரியில் இருப்பது அ.தி.மு.க. ஆட்சி, மற்ற நான்கும் தி.மு.க. ஆட்சி. ஆகவே இது ஒரு கட்சியின் குற்றம் என்று யாரும் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

அரசியல் சாசனத்தின் 174-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் அமர்வுக்கும் நடுவில் ஆறு மாதம் போய்விடக் கூடாது. எத்தனை நாள் உட்கார வேண்டும், எந்த மாதத்தில் கூட வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரே ஒரு நாள் கூடினாலும் சாசனத்தின் கடமை முடிந்தது. அடுத்த ஆறு மாதக் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும்.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு மணிப்பூர் சாட்சி. 2023 மே 3-ல் அங்கே கலவரம் வெடித்தது. மக்கள் முகாம்களில் கிடந்தார்கள். பேரவை கடைசியாக உட்கார்ந்தது மார்ச் தொடக்கத்தில். கெடு முடியச் சில நாட்களே இருந்தபோது, ஆகஸ்ட் 29 அன்று ஒரே ஒரு நாள் கூட்டினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாமல் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார்கள். கணக்கு நேர்!

ஹரியானாவில் இன்னொரு விதம். 2024 மார்ச் 13-க்குப் பிறகு பேரவை கூடவே இல்லை. செப்டம்பர் 12-ல் கெடு வந்து நின்றது. தேர்தல் அடுத்த மாதம். கூட்டுவதற்குப் பதிலாக அமைச்சரவை பரிந்துரைத்தது, ஆளுநர் பேரவையையே கலைத்துவிட்டார்.

நமக்கும் ஒரு பழைய வாக்குறுதி பாக்கி இருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 100 நாள் பேரவையை நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 6 முதல் 11, மார்ச் 14 முதல் ஏப்ரல் 29, அக்டோபர் 14 முதல் 17. நடுவில் விழுந்த சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாவற்றையும் அமர்வு நாளாகவே சேர்த்து எண்ணினாலும் 57-ஐத் தாண்டாது.

மூடுவதில் மூன்று வகை: எது எதைக் கொல்லும்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எல்லாமே "சட்டசபை முடிஞ்சிருச்சு" என்று காதில் விழும். ஆனால் விளைவு ஒன்றல்ல.

முதலாவது, ஒத்திவைப்பு. இது பேரவைத் தலைவர் கையில். ஒரு மணி நேரத்துக்கும் ஒத்திவைக்கலாம், தேதி குறிப்பிடாமலும் ஒத்திவைக்கலாம். இதில் எதுவும் சாவதில்லை. தலைவர் நினைத்தால் ஆளுநரிடம் போகாமலே திரும்பக் கூட்டலாம். 2023 அக்டோபர் 11-ல் ஒத்திவைக்கப்பட்ட பேரவையை நவம்பர் 18 அன்று அப்போதைய தலைவர் அப்பாவு அப்படித்தான் கூட்டினார். ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களும் அன்றே மறுபடி நிறைவேறின. அதற்கு ஒரு வாரம் முன்னால், நவம்பர் 10 அன்று, பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருந்தது: தொடர் முறைப்படி முடித்துவைக்கப்படாத வரை, தலைவர் கூட்டிய அமர்வு செல்லும்.

இரண்டாவது, முடித்துவைப்பு. அமைச்சரவை சொல்ல, ஆளுநர் ஆணை போட்டுக் கூட்டத்தொடரையே முடிப்பது. ஒத்திவைத்துச் சில நாளோ சில வாரமோ கழித்துச் சத்தமில்லாமல் வரும். இதற்குப் பிறகு கூட வேண்டுமானால் ஆளுநர் புதிதாக அழைப்பாணை அனுப்ப வேண்டும். நிலுவையில் உள்ள மசோதாவுக்கு ஆபத்தில்லை. 196-வது பிரிவு காப்பாற்றும். ஆனால் உறுப்பினர்கள் கொடுத்துவைத்த மற்ற அறிவிப்புகள் காலாவதியாகிவிடும் என்பது அவைகளின் பொதுவான நடைமுறை. உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு எம்.எல்.ஏ. எழுதிக்கொடுத்த கடிதம் அந்தக் கட்டில் இருந்தால், அடுத்த தொடருக்கு அவர் புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தாரா என்று கேட்க வேண்டியது நீங்கள்.

மூன்றாவது, கலைப்பு. அன்றோடு எம்.எல்.ஏ. பதவியே போச்சு. பேரவையில் நிலுவையில் இருந்த மசோதாக்களும் போச்சு. தமிழ்நாட்டில் மேலவையும் 1986-லேயே ஒழிக்கப்பட்டதால், மிச்சம் மீதியைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு அவை கிடையாது. பேரவையில் நிறைவேறி ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதா மட்டும் தப்பும்.

நத்தத்துக்கு ஏன் கூடுதல் உஷார்?

2016-ல் நத்தத்தில் வென்றவர் தி.மு.க.வின் ஆண்டி அம்பலம். கோட்டையில் அமர்ந்தது அ.தி.மு.க. 2021-ல் வென்றவர் அ.தி.மு.க.வின் நத்தம் விஸ்வநாதன். ஆட்சிக்கு வந்தது தி.மு.க. இரண்டு தேர்தலிலும் இந்தத் தொகுதி எதிர்வரிசைக்குத்தான் ஆள் அனுப்பியது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. அமைச்சர் வீட்டுக் கதவைத் தட்டிக் காரியத்தை முடித்துக்கொள்வார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு இருக்கிற பெரிய ஆயுதம் கேள்வி நேரமும், கவன ஈர்ப்பும், மானியக் கோரிக்கை விவாதமும்தான். மூன்றும் பேரவை நடந்தால்தான் உண்டு. அவை கூடாத மாதங்களில் ஆளுங்கட்சித் தொகுதியைவிட எதிர்க்கட்சித் தொகுதிக்குத்தான் இழப்பு அதிகம்.

அவை நடக்கும் நாளிலும் ஒத்திவைப்பு என்ன செய்யும் என்பதை 2017 பிப்ரவரி 18 காட்டியது. எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. அமளியில் அவை இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியபோது தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். 122-க்கு 11 என்று அரசு வென்றது. மாநில அரசு நிற்குமா விழுமா என்று எண்ணிய அந்தக் கணக்கில், நத்தம் தேர்ந்தெடுத்து அனுப்பிய கட்சியின் ஓட்டு ஒன்றுகூட இல்லை.

இப்போது மாங்காய்க்கு வருவோம். நத்தம், சாணார்பட்டிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: காய் இறங்குவதும் மண்டியில் விலை தெரிவதும் மேயிலிருந்து ஜூலைக்குள். மேலே உள்ள தேதிகளை மறுபடி பாருங்கள். 2025-ல் ஏப்ரல் 29-க்கும் அக்டோபர் 14-க்கும் நடுவில் மாங்காய் சீசன் முழுசாக விழுந்துவிட்டது. அந்த ஜூனில்தான் தமிழ்நாட்டில் மாங்காய் விலை தரைதட்டியது. சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் உதவ வேண்டும் என்று முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார், எதிர்க்கட்சி தெருவில் இறங்கியது. எல்லாம் நடந்தது, பேரவை மட்டும் நடக்கவில்லை. "மாங்கூழ் ஆலைகள் என்ன விலைக்கு எடுக்கின்றன? அரசு என்ன செய்தது?" என்று வேளாண் அமைச்சரைப் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை அவைக்குறிப்பில் ஏற்ற ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அக்டோபரில் அவை கூடியபோது மரத்தில் காயும் இல்லை, செய்தியில் சூடும் இல்லை.

மின்கட்டணமும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 10 முதல் உயர்ந்தது. பேரவை மேயிலேயே மூடிவிட்டது. 2024-ல் ஜூன் 29-ல் அவை ஒத்திவைக்கப்பட்டது. ஜூலை நடுவில் 4.83 சதவீத உயர்வு ஆணை வந்தது, அதுவும் ஜூலை 1 முதல் கணக்கிட்டு. கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம், அதற்குப் பேரவையின் ஒப்புதல் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் துறை அமைச்சரை அந்த வாரமே எழுப்பிக் கேட்க அவை இல்லை என்பதும் உண்மைதானே!

பக்கத்து மேலூர் வட்டத்து டங்ஸ்டன் விவகாரத்தையும் மறக்க வேண்டாம். நாயக்கர்பட்டிச் சுரங்க ஏலத்தில் வென்ற நிறுவனம் எது என்று 2024 நவம்பரில் தெரிந்தது. அரிட்டாபட்டி கொதித்தது. பேரவை தீர்மானம் போட்டது டிசம்பர் 9-ல், அதாவது அவை கூடிய முதல் நாளில். அடுத்த ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. மேலூர் மக்கள் நடந்த நடை பெரிது. தீர்மானமும் அதற்குத் தோள் கொடுத்தது. அவை ஒரு மாதம் முன்னால் கூடியிருந்தால் ஒரு மாதத் தவிப்பு மிச்சமாகியிருக்கும்.

கடைசி நாளில் கண் வையுங்கள்

அவையை ஒத்திவைக்கப் போகிற அன்றைக்கு வரிசையாக மசோதாக்கள் வரும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா அன்றுதான் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. நூற்பாலைகள் நிறைந்த திண்டுக்கல் மாவட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய சேதி! தொழிற்சங்கங்கள் கொந்தளித்ததால் ஏப்ரல் 24-ல் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தப்பியது சத்தம் போட்டதால். சத்தம் போடாமல் விட்டிருந்தால் அடுத்த அக்டோபர் வரை அவையில் எதிர்த்துப் பேசக்கூட வழி இருந்திருக்காது.

அவசரச் சட்டம்: ஆறு வாரத்துக் கைமாற்று

பேரவைக் கூட்டத்தொடர் நடப்பில் இல்லாதபோது ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்கிறது 213-வது பிரிவு. அது கைமாற்று வாங்கியது போல. பேரவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் முறையான சட்டமாக்கி அடைக்காவிட்டால் செல்லாது.

ஜல்லிக்கட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2017 ஜனவரி 21-ல் அவசரச் சட்டம் வந்தது. அன்றைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மதுரைக்கே வந்தும் மறுநாள் அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்கவில்லை. "நிரந்தரச் சட்டம் வேண்டும்" என்று மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பிடிவாதம் என்று அன்று சிலர் சொன்னார்கள். ஆறு வாரக் கெடுவை அறிந்தவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியாது. ஜனவரி 23-ல் பேரவை கூடியது, அன்றே மசோதா நிறைவேறியது, மாத முடிவுக்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை உறுதி செய்தது.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். ஆன்லைன் சூதாட்டத் தடை. 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம். அக்டோபர் 17-ல் பேரவை கூடியது, 19-ல் மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஒப்புதல் வரவில்லை. ஆறு வாரம் ஓடி, நவம்பர் 27-ஓடு அவசரச் சட்டம் செத்தது. மசோதா திரும்பி வந்து, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. நடுவில் நாலு மாதத்துக்கு மேல் அந்தத் தடை ஏட்டிலும் இல்லை, நாட்டிலும் இல்லை.

பீகார் வேறு ரகம். பேரவையைத் தாண்டி அவசரச் சட்டங்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்தே ஆட்சி நடத்தினார்கள். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள்; சிலவற்றுக்கு 14 வருடம் வரை உயிர். 1986-ல் வாத்வா வழக்கிலும், 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகள் அமர்விலும் இது அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆகவே "அவசரச் சட்டம் வந்துருச்சு, கவலை இல்லை" என்று யாராவது மாலை போட்டால், "பேரவை எப்போது கூடுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் உஷார்

"ஆளுநர் சட்டசபையை முடக்கிட்டாரு" என்று ஒரு செய்தி வரும். கொதிப்பதற்கு முன் விசாரியுங்கள். 2022 பிப்ரவரி 12-ல் மேற்கு வங்க ஆளுநர் ஜகதீப் தன்கர் பேரவைத் தொடரை முடித்துவைத்தார். நாடு முழுக்க அதிர்ச்சி. அன்றைய நம் முதல்வரே மறுநாள் ட்விட்டரில் கண்டித்தார். பிறகு பார்த்தால், முடித்துவைக்கப் பரிந்துரை அனுப்பியதே அந்த மாநில அரசுதான்! அடுத்த கூட்டத்தொடருக்கு அங்கே நடந்தது இன்னும் வேடிக்கை. மதியம் 2 மணி என்பது தட்டச்சுப் பிழையால் அதிகாலை 2 மணியாகிவிட, ஆளுநர் அப்படியே அழைப்பாணை போட்டார். பிறகு திருத்தினார்கள்.

ஆளுநர் தன் விருப்பப்படி கூட்டவும் முடியாது. அருணாச்சலில் 2016 ஜனவரி 14-க்குக் குறித்த கூட்டத்தை 2015 டிசம்பர் 16-க்கு ஆளுநர் முன்னே இழுத்தார். அமைச்சரவை ஆலோசனை இல்லாமல் அது செல்லாது என்று 2016 ஜூலை 13-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் கையெழுத்து, யார் பரிந்துரை, ஒத்திவைப்பா முடித்துவைப்பா என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகே பகிருங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

ஒன்று: பேரவையின் கடைசி அமர்வு நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதிலிருந்து ஆறு மாதம் எண்ணி இன்னொரு நாளையும் குறியுங்கள். இரண்டாவது நாளுக்குப் பத்து நாள் முதல் மூன்றரை வாரம் முன்னால்தான் பெரும்பாலும் கூட்டம் வரும் என்று மேலே உள்ள தேதிகள் சொல்கின்றன. கோரிக்கைகளை அதற்கு முன்பே எம்.எல்.ஏ. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு: அவை முடிந்த வாரத்தில் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். நத்தத்துக்காக எத்தனை கேள்வி கொடுத்தீர்கள்? எத்தனை அவைக்கு வந்தது? அமைச்சர் என்ன உறுதி கொடுத்தார்? எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதே மூன்று கேள்வி. கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. பதில் சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று: அவை மூடியிருந்தாலும் அதன் குழுக்கள் உறங்குவதில்லை. மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு ஆகியவை மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வரும். திண்டுக்கல்லுக்கு மனுக்கள் குழு வருவதாக அறிவிப்பு வந்தால், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவோடு நின்றுவிடாமல் குழுவுக்கும் ஒன்று கொடுங்கள். அவையில் அமைச்சர் "செய்து தரப்படும்" என்று சொன்ன வாக்கு இருந்தால், அதன் தேதியைப் போட்டு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதுங்கள்.

நான்கு: மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் குத்தகைக்கு எடுத்தவர்களும் விலை விழுந்த பிறகு சாலையில் காயைக் கொட்டுவதற்கு முன்பே விழித்துக்கொள்ள வேண்டும். வேளாண் மானியக் கோரிக்கை பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் வரும். அப்போது மரத்தில் பிஞ்சுதான் இருக்கும். கொள்முதல் விலை, மாங்கூழ் ஆலை, குளிர்பதனக் கிடங்கு பற்றிய கேள்வி அன்றே அவையில் பதிவாக வேண்டும். அதற்கான கடிதம் பிப்ரவரி முடிவதற்குள் எம்.எல்.ஏ. கையில் இருக்கட்டும். 2025 போல ஏப்ரலோடு அவை மூடிவிட்டால் உங்கள் விலையைப் பற்றிக் கேட்க அக்டோபர் வரை யாருக்கும் அவை இல்லாமல் போகலாம்!